விடுதலையானாலும் வீடு திரும்ப முடியாதவர்கள்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில், மனநோய் முற்றிய இளைஞர் ஒருவர் சொந்த அண்ணனையே வெட்டிக் கொன்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 'பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சிடுவான்' என்பார்கள் டீக்கடையில். அவ்வளவு லேசில்லை.

பழைய இ.பி.கோ. 84-வது பிரிவுதான் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு. வெட்டிய அந்த நேரத்தில், தான் செய்வது என்ன, அது தவறா, சட்டவிரோதமா என்று அறியும் சக்தியே நோயால் இல்லாமல் போயிருக்க வேண்டும். வருடக்கணக்காக மாத்திரை வாங்கிய சீட்டு மட்டும் போதாது. முன்னும் பின்னும் நடந்ததையும் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 1964-ல் தாகியாபாய் தக்கர் வழக்கில். அரிவாளை ஒளித்தாரா, ஓடினாரா, ரத்தக்கறையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாரா?

வழக்கை எதிர்கொள்ளும் தெளிவு இப்போது இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இல்லையென்றால் விசாரணை தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போனதில் தொலைந்தவர் அசாமின் மச்சல் லாலுங். 1951-ல் கைதானார், 1967-லேயே குணமாகிவிட்டார் என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனை சொல்லியும், வெளியே வந்தது 2005-ல்.

நோயால் செய்தார் என்று விடுதலை கிடைத்தாலும், செயலைச் செய்தவர் அவரே என்று தீர்ப்பில் எழுத வேண்டும். அதன்பின் பாதுகாப்பில் வைப்பார்கள், அல்லது உறவினர் பொறுப்பேற்றுப் பிணை கொடுத்தால் ஒப்படைப்பார்கள். தமிழகத்தில் பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் சென்னைக் கீழ்ப்பாக்கம். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை, தருமபுரியிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். கூலி வேலையை விட்டுவிட்டு அம்மா எத்தனை முறை போய்வருவார்? பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் மூத்த மகனைப் பறிகொடுத்த அதே அம்மாதான். சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

சிகிச்சையில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மாத்திரையை மறப்பவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. கஷ்டம், நோய் தெளியும்போதுதான். செய்தது அப்போதுதான் உறைக்கும். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று பார்ப்பதும் டாக்டரின் வேலைதான்.

விசாரணை தள்ளிப்போன கட்டத்திலும் வெளியே வர வழி உண்டு. உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லை என்றால், பக்கத்து மருத்துவமனையில் தவறாமல் காட்டுவதாகவும், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வதாகவும் உறவினரோ நண்பரோ உறுதி கொடுத்து, பிணையில் விடக் கேட்கலாம். தருமபுரிக்காரர்களுக்கு அது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகவே இருக்கலாம். மனு போட வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், கட்டணம் கிடையாது.