விமானத்துக்குள் நாம் சுவாசிக்கும் காற்றுக்கு யார் பொறுப்பு?

யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில், வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின், சென்னைக்குப் போக நாம் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. டிக்கெட் விலையையும் பொதியின் நிறையையும் விசாரிக்கிறோம். உள்ளே சுவாசிக்கும் காற்று எங்கிருந்து வருகிறது என்றும் விசாரிக்க வேண்டும்.

காற்று வரும் வழி

பெரும்பாலான ஜெட் விமானங்களிலும் ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானங்களிலும் வெளிக்காற்று எஞ்சினின் அழுத்தப் பகுதி வழியாகவே பயணிகள் அறைக்கு வருகிறது. அங்கு எண்ணெய் கசியாமல் தடுக்கும் அடைப்புகள் தேய்ந்து கசிந்தால், சூடேறிய எண்ணெயின் புகையும் அந்தக் காற்றோடு கலக்கும். அறைக்குள் சுழலும் காற்றை வடிகட்டும் ஹெப்பா வடிகட்டி தூசியையும் கிருமியையும் பிடிக்கும். நச்சு வாயுவைப் பிடிக்காது.

நம்மவர் அறிந்த நஞ்சு

எஞ்சின் எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் பொருள்களில் ஒன்று ட்ரைகிரெசைல் பொஸ்பேட். அதன் சில வடிவங்கள் நரம்பைத் தாக்குபவை. 1977–78இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருபது தமிழ்ச் சிறுமிகளுக்குக் கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டன. பெரியபிள்ளையானதும் வழக்கப்படி பச்சையாகக் குடிக்கக் கொடுத்த நல்லெண்ணெயில் இந்த இரசாயனம் கலந்திருந்தது. அவர்கள் அதை உணவாக உட்கொண்டார்கள். விமானத்தில் கலக்கக்கூடிய அளவு மிகக் குறைவு. இன்றைய எண்ணெய்களில் அந்தக் கொடிய வடிவங்களும் வெகுவாகக் குறைக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஆண்டுக்கணக்கில் பறக்கும் விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் என்ன ஆகும் என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

அறிகுறிகள்

அழுக்குக் காலுறை போன்ற நாற்றம், கண் தொண்டை எரிச்சல், தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், இருமல். களைப்பாலும் நீரிழப்பாலும் இவை வரலாம். ஆனால் நாற்றமோ புகையோ வந்த உடனே பலருக்கு ஒன்றாக வந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

பொறுப்பு யாருக்கு?

மருதனார்மடத்தை அடுத்த சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கி, 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற அந்த நியாயம் வானத்திலும் செல்லுபடியாக வேண்டும். மாற்று வழி இருக்கிறது: 2011இல் சேவைக்கு வந்த போயிங் 787, பயணிகளுக்கான காற்றை எஞ்சினிலிருந்து எடுப்பதில்லை, தனி மின் அமுக்கிகளால் எடுக்கிறது. ஆகவே பாதுகாப்பான வடிவமைப்பு தயாரிப்பாளரின் கடமை. அடைப்புகளைக் காலத்தில் மாற்றுவதும் காற்றை அளக்கும் உணரிகளைப் பொருத்துவதும் விமான நிறுவனத்தின் கடமை. ஒவ்வொரு புகைச் சம்பவத்தையும் பதிவுசெய்து விசாரிப்பது அரசின் சிவில் விமான அதிகாரிகளின் கடமை.

பயணி செய்ய வேண்டியது

வழக்கத்துக்கு மாறான நாற்றம் வந்தால் உடனே பணியாளரிடம் சொல்லுங்கள். துணி முகக்கவசம் புகை வாயுவைத் தடுக்காது. விமான இலக்கம், திகதி, நேரம், இருக்கை எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கிய பின்னும் உபாதை நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவரைக் கண்டு, நடந்ததை முழுமையாகச் சொல்லுங்கள். விமான நிறுவனத்துக்கும் அதிகாரிகளுக்கும் எழுத்தில் முறையிடுங்கள். முறைப்பாடு பதிவாகாத இடத்தில் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.