தகுதி வழக்கும் நீதிமன்ற வழக்கும்

அவையில் சொல்லத் தகாத ஒன்றை அவ்வாறே சொல்லாது வேறு வாய்பாட்டால் சொல்லுதலை இடக்கரடக்கல் என்பர் நன்னூலார். மங்கலம், குழூஉக்குறி என்னும் இரண்டோடும் சேர்த்து இதனைத் தகுதி வழக்கு என்று கற்பிக்காத தமிழாசிரியர் இலர். 'செத்தார்' என்னாது 'இயற்கை எய்தினார்' என்பது மங்கலம். இவ்வழக்கை மீறியவனுக்குத் தண்டனை எதுவும் இலக்கண நூலில் இல்லை. கேட்டோர் முகஞ் சுளிப்பர், அவ்வளவே. சொல்லின் தகுதியைச் சட்டமாக எழுதி, மீறியவனைக் கல்விக்கூடத்தினின்றும் நீக்கலாம் என்று விதித்தால் என்ன நேரும்? அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் பல்கலைக் கழகம் அதனைச் செய்து பார்த்தது. அதன் வரலாறு ஆசிரியர்கள் அறியத்தக்கது.

ஆங்கிலத்தில் 'பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ்' எனப்படுவதைத் தமிழில் 'அரசியல் சரி' என்று சிலர் வழங்குவர். பிறருடைய இனம், சமயம், பால், உடற்குறை முதலியவற்றை இழித்துரைக்கும் சொற்களை விலக்குதல் வேண்டும் என்பது அதன் சாரம். இன்று இத்தொடரை ஏளனமாகவே எடுத்தாள்வோர் பலர். ஏளனஞ் செய்வோர், அக்கருத்து எதனால் வலுப்பெற்றது என்பதை முதற்கண் எண்ணிப் பார்த்தல் நன்று.

1987ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், அப்பல்கலைக் கழகத்தில் ஒரு துண்டறிக்கை பரப்பப்பட்டது. கறுப்பின மக்களை வேட்டையாடும் பருவம் தொடங்கிவிட்டது என்று அது கூறியது. அவர்களை விலங்கோடு ஒப்பிட்டும் இகழ்ந்தது. எட்டு நாள் சென்றபின், பல்கலைக் கழக வானொலியில் இனத்தைப் பழிக்கும் நகைத்துணுக்குகள் ஒலிபரப்பாயின. இவற்றைக் கண்டித்துக் கூட்டம் நடந்தபொழுது, விடுதிச் சாளரமொன்றில் 'கூ கிளக்ஸ் கிளான்' அங்கி தொங்கவிடப்பட்டது. அவ்வங்கி அணிந்தோர் கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்ட காலம் அந்நாட்டார் நினைவினின்றும் அகலாதது. வீட்டை விட்டுத் தொலைவில் வந்து, பல்லாயிரவர் நடுவே சிறுபான்மையாய்த் தங்கிப் படிக்கும் ஒரு மாணவர் அன்றிரவு எவ்வாறு உறங்கியிருப்பார்? 'வெறுஞ்சொல்தானே' என்பது சொல்லால் அடிபடாதவர்க்கு எளிது.

மாணவர் கிளர்ந்தனர்; மாநிலச் சட்டமன்றக் குழுவொன்று நேரில் வந்து விசாரித்தது. பல்கலைக் கழகம் ஒரு விதியை வகுக்கத் தொடங்கிற்று. அது பன்னிரண்டு வரைவுகளைக் கண்டதாம். 1988 ஏப்ரல் 14ஆம் நாள் ஆட்சிக் குழு அதனை ஒருமனதாய் ஏற்றது. மே 31ஆம் நாள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. திறந்தவெளிகளில் பேச்சுக்குத் தடையில்லை; மாணவர் இதழ்களுக்கும் இல்லை. வகுப்பறை, நூலகம், ஆய்வுக்கூடம் ஆகியவற்றிலோ, இனம் முதலியவை பற்றி ஒருவரை இழிவுபடுத்திப் பகைமைச் சூழலை உண்டாக்கும் சொல்லும் செயலும் குற்றம். தண்டனை கண்டிப்பில் தொடங்கிப் பல்கலைக் கழகத்தை விட்டே விலக்குதல் வரை நீண்டது.

விதி பொதுப்படையானது. ஆகவே, விளக்கக் கையேடு ஒன்றும் வெளிவந்தது. இன அச்சுறுத்தல் கொண்ட துண்டறிக்கை அதில் குற்றமாகக் காட்டப்பட்டது. அதனை மறுப்பார் யாருமிலர். 'இத்துறையில் பெண்கள் ஆண்களுக்கு நிகரல்லர்' என்று வகுப்பில் ஒரு மாணவர் சொல்வதும் அதே பட்டியலில் இருந்தது. திக்கிப் பேசும் உடன்மாணவரைப் பற்றிய பகடிக்குச் சிரிப்பவரும் துன்புறுத்துபவரே என்றது கையேடு. திக்கு வாயுள்ள பிள்ளையை வகுப்பில் வைத்துக் காக்கும் ஆசிரியர் எவரும் அந்நோக்கத்தைக் குறை கூறார். ஆயினும், சிரித்த பிள்ளையின் காதைத் திருகுவது வேறு, அவனை விசாரணைக் குழுமுன் நிறுத்துவது வேறு அன்றோ? பின்னர், கையேட்டில் பிழையுண்டு என்று பல்கலைக் கழகம் அதனைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற செய்தியை மாணவர்க்கு அறிவிக்கவில்லை!

விதி எவ்வாறு இயங்கிற்று என்பதைக் காட்டப் பல் மருத்துவப் பிரிவில் நிகழ்ந்த ஒன்றே போதும். இரண்டாம் ஆண்டு மாணவர் அஞ்சும் கடினமான பாடம் ஒன்று அங்கு உண்டு. அதன் தொடக்க நாளில் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, எதிர்நோக்கும் இடர்களைப் பேசுமாறு கூறினர். அப்பொழுது ஒரு மாணவர், 'சிறுபான்மையினர் இப்பாடத்தில் அல்லற்படுகின்றனர், அவர்கள் நியாயமாக நடத்தப்படுவதில்லை என்று கேள்விப்பட்டேன்' என்றார். அப்பாடத்தைக் கற்பித்த ஆசிரியையும் சிறுபான்மை இனத்தவரே. அக்கூற்று தகாதது, தமக்கு நிலையான பதவி கிடைக்கும் வாய்ப்பைக் கெடுப்பது என்று அவர் முறையிட்டார். அவருடைய அச்சத்தையும் பொய்யென்று தள்ளுதற்கில்லை. மாணவருக்கு விதியை எடுத்துரைத்தனர். கேட்டதைத் தக்கவாறு ஆராயாது சொன்னமைக்காக அவர் மன்னிப்புக் கடிதம் எழுத இசைந்தார். அவருக்கு அச்செய்தியைச் சொன்னவர் யார்? அவருடைய அறைத்தோழர், முன்பு பல் மருத்துவம் பயின்ற கறுப்பினத்தவர்.

இவ்விடத்தில் சற்றே நிற்றல் வேண்டும். கறுப்பின மாணவரின் மனக்குறைக்குச் செவிசாய்க்கவே விதி பிறந்தது. அக்குறை மற்றொருவர் வாய்வழி வகுப்பறைக்குள் வந்தபொழுது, அதே விதி அதன் வாயை அடைத்தது. குறை மெய்யா பொய்யா என்பது அவ்வளவில் மறைந்துபோயிற்று. எவரும் தீய எண்ணத்தோடு இதனைச் செய்ததாகத் தோன்றவில்லை. புண்படுதலே குற்றத்தின் அளவுகோல் ஆனபின், முறையீட்டை முதலில் எழுதிக் கொடுப்பவர் பக்கமே விதி சாயும்.

உயிரியல் சார்ந்த உளவியலை ஆராய்ந்த பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஆண் பெண் வேறுபாட்டிற்கு உடற்கூறு காரணமாகுமா என்னும் கொள்கைகளை வகுப்பில் விவாதித்தால் தமக்குத் தண்டனை வருமோ என்பது அவர் அச்சம். மனம் நோகச் செய்யும் பேச்சையும் தண்டித்தற்குரிய பேச்சையும் எவ்வாறு பிரித்தறிவீர் என்று நீதிமன்றம் வினவியது. 'மிகவும் கவனமாக' என்பதே பல்கலைக் கழக வழக்குரைஞரின் விடை. கேள்விக்கு அது விடையாகுமா? எல்லையை எழுத்தில் காட்ட அவரால் இயலவில்லை. விதியின் சொற்கள் தெளிவற்றன, அரசியலமைப்பு காக்கும் பேச்சையும் வளைத்துக்கொள்வன என்று 1989 செப்டம்பரில் நீதிபதி ஏவர்ன் கோன் தீர்ப்பளித்து, பேச்சைப் பற்றிய பகுதிக்கு நிலையான தடை விதித்தார்.

இத்தீர்ப்பு எல்லாருக்கும் நிறைவு தந்துவிடவில்லை. அவ்வாண்டிலேயே சட்டப் பேராசிரியை மாரி மட்சுடா, அதே மிச்சிகனின் சட்ட இதழில் நீண்ட கட்டுரையொன்று எழுதினார். வெறுப்புப் பேச்சைப் பொறுத்துக்கொள்ளும் சுமை சமுதாயம் முழுவதன்மீதும் சமமாக விழுவதில்லை, தாங்க வலுவற்றவர் தோளிலேயே விழுகிறது என்பது அவர் வாதம். அதற்கு இன்றளவும் முழு மறுமொழி கிடைத்ததாகத் தெரியவில்லை. சுதந்திரத்தின் விலையை ஒருவர் கொடுக்க, அதன் பெருமையை மற்றவர் பேசுவது நேர்மையன்று. எனினும், அவ்வலுவற்றவரை அந்த விதி காத்ததா என்று கேட்டல் வேண்டும். விதி நடப்பிலிருந்த காலத்தில், கறுப்பினத்தவர் இனப்பழிப்புச் செய்தனர் என வெள்ளையர் கொண்டுவந்த முறையீடுகளே இருபதுக்கு மேற்பட்டன என்று சட்டப் பேராசிரியை நாடின் ஸ்ட்ராசன் 1990இல் எழுதினார். குடை பிடித்தவனே நனைந்த கதைதான்.

1991 மே மாதம் அதிபர் ஜார்ஜ் புஷ், இதே மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் 'அரசியல் சரி'யைக் கண்டித்துப் பேசினார். அதன்பின் இஃது பெரும்பாலும் கட்சிப் பூசலாகவே பேசப்பட்டது. பூசலில் மறக்கப்பட்டது தீர்ப்பின் மறுபாதி. அச்சுறுத்தல், அடிதடி, உடைமைக்குச் சேதம் ஆகியவற்றைத் தண்டிக்கும் உரிமையை நீதிபதி எடுத்துவிடவில்லை. இழிசொல்லைப் பல்கலைக் கழகமே தன் பெயரால் வெளிப்படக் கண்டித்தற்கும் தடை என்றும் இருந்ததில்லை. 1987இன் துண்டறிக்கையைத் தொடர இவை போதுமாயிருந்தன. அதனைப் பரப்பியோரைத் தீர்ப்பு, 'அறியப்படாதவர்' என்று மட்டுமே குறிக்கிறது.