தோல்விக்கு எழுந்த தூண்

போரில் வென்றவர்களுக்குத்தான் நினைவுச் சின்னம் எழுப்புவது வழக்கம் என்று பலரும் எண்ணுகிறோம். ஆனால், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் ரிக்கவரி என்ற சிற்றூரில் 101 அடி உயரத்தில் நிற்கும் கல்தூண், மாபெரும் தோல்வி ஒன்றில் மாண்டவர்களுக்காக 1913-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டதாகும்.

அப்போது நாடு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே இருந்த நிலத்தில் குடியேற வெள்ளையர்கள் விரும்பினர். அங்கு வாழ்ந்த மயாமி, ஷாவ்னி முதலிய பூர்வகுடி மக்களோ தங்கள் மண்ணை விட்டுக் கொடுக்க மறுத்து ஒன்று திரண்டனர். அவர்களை அடக்க 1791-இல் ஜெனரல் ஆர்தர் செயின்ட் கிளேர் தலைமையில் படை புறப்பட்டது.

அப்படையில் நிரந்தரச் சிப்பாய்களுடன் கெண்டக்கியிலிருந்து வந்த குடிப்படையினரும் இருந்தனர். குடிப்படை என்பது, ஆபத்து வரும்போது ஏர்க்கலப்பையை வைத்துவிட்டுத் துப்பாக்கி தூக்கும் சாதாரண மக்களின் படை. முறையான பயிற்சி அவர்களுக்குக் கிடையாது. உணவு பற்றாக்குறை, தரமற்ற தளவாடங்கள், குளிர் ஆகியவற்றால் வாடிய அவர்களில் சிலர் வழியிலேயே ஓடிவிட்டனர். அவர்கள் உணவு வண்டிகளைக் கொள்ளையிடாமல் தடுக்க, தேர்ந்த சிப்பாய்களின் ஒரு பிரிவையே செயின்ட் கிளேர் திருப்பியனுப்ப நேர்ந்தது.

நவம்பர் 4-ஆம் தேதி விடியற்காலை, வாபாஷ் ஆற்றங்கரையில் லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட் ஆகிய தலைவர்களின் வீரர்கள் பாய்ந்தனர். ஆற்றுக்கு அப்பால் தனியே முகாமிட்டிருந்த குடிப்படையே முதல் அடியை வாங்கியது. நிலைகுலைந்து அவர்கள் பின்வாங்கியபோது முகாம் முழுவதும் குழப்பம் பரவியது. 600-க்கும் மேற்பட்ட படைவீரர்கள் கொல்லப்பட்டனர். பூர்வகுடியினரிடம் அமெரிக்கப் படை கண்ட மிகப்பெரிய தோல்வி இதுவே.

குடிப்படை ஓடியதுதான் காரணமா? நாடாளுமன்றக் கீழவை 1792-இல் விசாரணை நடத்தியது. அரசு நிர்வாகத்தின் செயலை அந்த அவை விசாரித்தது அதுவே முதல் முறை. பயிற்சியின்மை ஒருபுறமிருக்க, தளவாடங்களை வழங்குவதில் நடந்த அலட்சியத்தையும் தாமதத்தையும் விசாரணைக் குழு சுட்டிக் காட்டியது. பழி ஓடியவன் தலையோடு முடிந்துவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஜெனரல் அந்தோணி வெயின் 1793 டிசம்பரில் அதே இடத்தில் கோட்டை கட்டி, இழந்ததை மீட்டோம் என்ற பொருளில் 'ரிக்கவரி' என்று பெயரிட்டார். 1794 ஜூனில் பூர்வகுடியினர் தாக்கியபோது கோட்டை தாக்குப்பிடித்தது. 1795-இல் கையெழுத்தான கிரீன்வில் ஒப்பந்தத்தில் அம்மக்கள் இன்றைய ஒஹாயோவின் பெரும்பகுதியை இழந்தனர்.

சிதறிக் கிடந்த எலும்புகள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. ஊர் மக்கள் 1851-இல் அவற்றைத் திரட்டி மரியாதையுடன் அடக்கம் செய்தனர். இன்று அவை தூணுக்கு அடியில் உள்ளன. எது சிப்பாயின் எலும்பு, எது குடிப்படைக்காரனுடையது என்று யாராலும் பிரித்துக் கூற முடியாது.

அத்தூண் மாண்டவர்களின் தியாகத்தைப் போற்றுகிறது. போதிய உணவும் பயிற்சியும் தராமல் அவர்களை அனுப்பியது யார், எதிரே நின்றவர்கள் எந்த மண்ணைக் காத்தனர் என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த வரலாறு முழுமை பெறும்.