மாங்காயும் சட்டைக் கையும்

தருமபுரி மாவட்டத்தில் காரிமங்கலம், பாலக்கோடு வட்டாரங்களில் மாந்தோப்புகள் நிறைய உண்டு. இம்மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. நாம் 'மாங்காய்' என்பதைத் தெலுங்கர் 'மாமிடிகாய' என்பர். கன்னடர் 'மாவினகாயி' என்பர். மூன்றிலும் 'காய்' இருப்பதைக் கவனியுங்கள். மூன்றும் திராவிடக் குடும்பத்து மொழிகள். ஆகவே இதில் வியப்பில்லை.

வியப்பு ஐரோப்பாவில் இருக்கிறது. மாம்பழத்தைப் போர்த்துகீசியர் 'மாங்கா' என்கின்றனர். ஸ்பானியரும் இத்தாலியரும் 'மாங்கோ' என்கின்றனர். பிரெஞ்சுக்காரர் 'மாங்க்' என்கின்றனர். இந்நான்கு மொழிகளும் இலத்தீனின் வழிவந்தவை. அப்படியானால் இச்சொல்லும் இலத்தீன் தந்ததுதானா?

இந்த ஐயத்தை வலுப்படுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. போர்த்துகீசியத்தில் 'மாங்கா' என்றால் சட்டைக் கை என்றும் பொருள். இது கையைக் குறிக்கும் 'மானுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து தோன்றிய 'மானிகா'வின் திரிபு. பழத்தின் பெயரும் இதுதானோ?

பிரெஞ்சு மொழி இதற்கு விடை சொல்கிறது. இலத்தீனில் 'கா' என வந்த இடங்களில் பிரெஞ்சில் பெரும்பாலும் 'ஷ' ஒலி வரும். பசுவைக் குறிக்கும் 'வாக்கா' அங்கே 'வாஷ்' ஆயிற்று. அதே முறையில் 'மானிகா'வும் 'மான்ஷ்' ஆயிற்று. பழத்தின் பெயரும் இலத்தீன் வழி வந்திருந்தால், அதுவும் இவ்வாறே மாறியிருக்க வேண்டும். ஆனால் அது 'மாங்க்' என்றே நிற்கிறது. எனவே, அந்த ஒலிமாற்றம் நடந்து முடிந்த பின்னர் வெளியிலிருந்து வந்த சொல் அது என்பது தெளிவு.

எங்கிருந்து வந்தது? 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். அவர் வழியே வந்த போர்த்துகீசியர் மலபார்க் கரையில் 'மாங்ங' என்ற மலையாளச் சொல்லைக் கேட்டனர். நம் 'மாங்காய்'க்கு அது உடன்பிறப்பு. 1563-இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்துநூலில் இப்பழம் பேசப்படுகிறது. போர்த்துகீசியத்திலிருந்து பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் பெயர் பரவியது. பழுத்த கனியை உண்டுகொண்டே அவர்கள் அதைக் 'காய்' என்று அழைப்பது வேடிக்கைதான்!

1753-இல் லின்னேயஸ் இம்மரத்திற்கு 'மாஞ்சிபெரா இண்டிகா' என்று பெயரிட்டார். 'மாங்காய் தாங்கும் இந்திய மரம்' என்பது அதன் பொருள். இலத்தீன் தராத சொல் இவ்வாறு இலத்தீன் பெயருக்குள் இடம்பெற்றது.

ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இரு சொற்களை உறவினர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒலிமாற்ற விதியையும், அச்சொல் வந்த வழியையும் ஆராய்ந்த பின்னரே உறவு கூற வேண்டும். நம் மொழிச் சொற்களைப் பிற நாடுகளில் தேடும்போதும் இதுவே நமக்கு அளவுகோல்.