பி.டி.எப். கோப்பிலிருந்து மீண்டும் பக்கவடிவமைப்புக்கு

கடந்தகால வினாத்தாள்கள், பாடநூல்கள், மாதிரி வினாத்தாள்கள் என்பன இன்று பெரும்பாலும் பி.டி.எப். கோப்புகளாகவே மாணவர் கைக்கு வருகின்றன. அவற்றை வாசிக்கலாம், அச்சிடலாம். ஆனால் ஒரு வினாவைத் திருத்தவோ, ஓர் அலகை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய பக்கமாக அமைக்கவோ முனைந்தால் எழுத்துகள் சிதைந்துவிடுகின்றன. தமிழ்மொழி மூல மாணவர்களுக்கு இச்சிக்கல் மிக அதிகம். அதற்கான காரணத்தையும் செய்ய வேண்டியதையும் இங்கு நோக்குவோம்.

1. பி.டி.எப். கோப்பின் இயல்பு

அடோபி நிறுவனம் 1993ஆம் ஆண்டு பி.டி.எப். அமைப்பை வெளியிட்டது. 2008இல் இது சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டாலும் பக்கம் ஒரே மாதிரித் தோன்ற வேண்டும் என்பதே இதன் நோக்கமாகும்.

ஆகவே இக்கோப்பில் முதன்மையாக இருப்பது “இந்த எழுத்து வடிவத்தை, இந்த அளவில், பக்கத்தின் இந்த இடத்தில் வை” என்ற கட்டளைகளே. பந்தி எங்கே தொடங்குகிறது, எது தலைப்பு, எது அட்டவணை என்ற விபரங்கள் பல கோப்புகளில் இருப்பதில்லை. நாம் அட்டவணையாகக் காண்பது, கணினிக்குச் சில கோடுகளும் அவற்றுக்கிடையே வைக்கப்பட்ட எழுத்துகளும் மட்டுமே. சுட்ட ரொட்டியிலிருந்து மாவையும் தேங்காய்ப்பூவையும் தனித்தனியே எடுக்க முடியாது. ரொட்டியைப் பார்த்து அதே அளவில் மறுபடி பிசையலாம். பி.டி.எப். கோப்பை ‘மாற்றுவது’ என்பதும் உண்மையில் அவ்வாறு மீளக் கட்டுவதே ஆகும்.

2. தமிழில் ஏன் கூடுதல் சிக்கல்?

இலங்கையில் தமிழ் அச்சு வேலைகளுக்கு நீண்டகாலமாகப் பாமினி எழுத்துரு பரவலாகப் பயன்பட்டு வருகிறது. பேஜ்மேக்கர் மென்பொருளில் பாமினியைக் கொண்டு பக்கம் அமைப்பதே அச்சகங்களின் வழமையாக இருந்தது. 1985இல் வெளிவந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த ஏழாம் பதிப்பாகும். அது யுனிகோட் தமிழை ஏற்பதில்லை.

பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைக்கப்பட்டுள்ளன. உதாரணமாக ‘த’ என்பது கணினிக்கு ஆங்கிலச் சிம்பிள் ‘ஜே’ ஆகும். பி.டி.எப். கோப்பினுள் பாமினியும் உட்பொதிக்கப்பட்டிருப்பதால் திரையில் தமிழ் தெரிகிறது. அவ்வரியைப் பிரதி செய்து வேறு மென்பொருளில் ஒட்டினால் எழுத்துரு கூடவருவதில்லை. ஆங்கில எழுத்துகளே மிஞ்சுகின்றன.

எமது ஊர்ப் பெயரான ‘தெல்தோட்டை’ என்பதை எடுத்துக்கொள்வோம்.

அ) வரிசை: பாமினியில் ‘தெ’ எழுதும்போது கொம்பு முதலிலும் ‘த’ பின்னரும் வரும். யுனிகோட்டில் ‘த’ முதலிலும் கொம்பு பின்னரும் சேமிக்கப்படும்.

ஆ) எண்ணிக்கை: ‘தோ’ என்பதற்குப் பாமினியில் மூன்று குறியீடுகள் தேவை. யுனிகோட்டில் இரண்டு போதும். முழுச் சொல்லுக்கும் பாமினியில் 11, யுனிகோட்டில் 10.

இ) சிம்பிள், கெப்பிட்டல் வேறுபாடு: ஒற்றைக் கொம்பு சிம்பிள் ‘என்’, இரட்டைக் கொம்பு கெப்பிட்டல் ‘என்’. எல்லாவற்றையும் சிம்பிள் எழுத்தாக மாற்றிவிட்டால் ‘தெல்தோட்டை’ என்பது ‘தெல்தொட்டை’ ஆகிவிடும்.

3. மீளமைக்கும் படிமுறைகள்

படி 1: ஒரு வரியை மவுஸினால் தெரிவு செய்து பாருங்கள். தெரிவு செய்ய முடியாவிட்டால் அது வருடியினால் எடுக்கப்பட்ட படம். அதற்கு ஓ.சி.ஆர். எனப்படும் எழுத்துணரி மென்பொருள் வேண்டும். கட்டணமின்றிக் கிடைக்கும் டெசராக்ட் தமிழையும் அறியும்.

படி 2: தெரிவு செய்ய முடிந்தால் அவ்வரியை நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் வந்தால் யுனிகோட். ஆங்கில எழுத்துகள் வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. கோப்பின் பண்புகள் பகுதியில் எழுத்துருவின் பெயரைக் காணலாம்.

படி 3: பழைய எழுத்துருவாயின், அதற்குரிய எழுத்துரு மாற்றியினால் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். பாமினிக்குரிய மாற்றியை வேறு எழுத்துருவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

படி 4: படங்களைத் தனியே எடுத்துச் சேமியுங்கள்.

படி 5: இன்டிசைன் போன்ற மென்பொருளில் பக்க அளவு, ஓரம், நிரல் என்பவற்றை அமைத்து, எழுத்தை இட்டு, தலைப்புகளுக்கும் பந்திகளுக்கும் பாணி கொடுங்கள். அட்டவணையைப் புதிதாக வரைவதே நல்லது.

படி 6: மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்குங்கள். இலக்கங்கள், ஆண்டுகள், கொம்புகள், புள்ளிகள் ஆகியவற்றில் கவனம் தேவை.

லிப்ரே ஆபிஸ் ட்ரோ, வேர்ட் 2013உம் அதற்குப் பிந்திய பதிப்புகளும் பி.டி.எப். கோப்பை நேரடியாகத் திறக்கும். ட்ரோவில் ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பெட்டியாக வரக்கூடும். ஒரு சொல்லைத் திருத்த இது போதும். முழு நூலை மீளமைக்கப் போதாது.

4. இதனால் என்ன பயன்?

பாமினியில் அமைந்த பி.டி.எப். கோப்பில் ‘தேயிலை’ என்று தேடினால் பொதுவாக எதுவும் கிடைக்காது. பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் திரைவாசிப்பு மென்பொருள் அதை ஆங்கில எழுத்துக் குவியலாகவே வாசிக்கும். அச்சில் அழகாக இருந்தும் அம்மாணவருக்கு அப்பக்கம் வெற்றுத்தாளே. யுனிகோட்டில் மீளமைத்த பக்கத்தைத் தேடலாம், திருத்தலாம், உரத்து வாசிக்கச் செய்யலாம்.

ஆயினும் பிறருடைய நூலை அனுமதியின்றி மீளமைத்து வெளியிடுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரணாகலாம். உங்கள் சொந்த வேலைகளில், பி.டி.எப். செய்த பின்னரும் மூலக் கோப்பை அழிக்காது வைத்திருங்கள்.

மாதிரி வினா

ஒரு பி.டி.எப். கோப்பில் தமிழாகத் தெரியும் வரி, வேர்டில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளாகத் தோன்றுகிறது. (i) காரணம் யாது? (ii) தீர்வு யாது?

விடை: (i) யுனிகோட் அல்லாத எழுத்துரு பயன்படுத்தப்பட்டமையும், ஒட்டும்போது அவ்வெழுத்துரு கூடவராமையும். (ii) எழுத்துருவின் பெயரை அறிந்து, உரிய மாற்றியினால் யுனிகோட்டுக்கு மாற்றி, மூலத்துடன் ஒப்புநோக்கல்.