உங்களுக்குத் தெரியுமா? ஸ்போர்ட்ஸ் காருக்குச் சாதா டயர் ஏன்?

விலை அடக்கமான ஸ்போர்ட்ஸ் காரில் கம்பெனி மாட்டித் தரும் டயரைப் பார்த்ததும், 'இங்கேதான் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்' என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். காசும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம் அது இல்லை.

*

2012இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா 86, 200 குதிரைசக்தி கொண்ட பின்சக்கர இயக்கக் கார். அதில் வந்த டயர் மிஷலின் பிரைமசி ஹெச்பி. பெட்ரோல் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் ஹைபிரிட் காரின் 17 அங்குல வீலுக்கும் இதே டயர்தான்! கைதவறி நடந்ததல்ல இது. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா, வடிவமைப்பின்போதே மூன்று விஷயங்களை ஒதுக்கிவிட்டார்: டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம், பிடிப்பு மிகுந்த அகல டயர் வேண்டாம். இதில் வியப்பு என்னவென்றால், அவரோடு சேர்ந்து அந்தக் காரை உருவாக்கிய சுபாரு, டர்போவுக்கும் நான்கு சக்கர இயக்கத்துக்கும்தான் உலகப் புகழ் பெற்ற கம்பெனி.

*

டயரின் அகலத்தை அதன் மேலேயே படித்துக்கொள்ளலாம். பக்கச் சுவரில் 215/45 ஆர்17 என்று இருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது ஏறத்தாழ 97 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டம் 17 அங்குலம்.

*

பிடிப்பைக் குறைத்தால் என்ன லாபம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு, காய்ந்த சமதளச் சாலை. டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு எண் 0.85 என்றால், கார் சுமார் 73 கி.மீ. வேகத்தில் சறுக்கத் தொடங்கும். 1.0 என்றால் 80 கி.மீ. வரை தாங்கும். பந்தயத் தளத்துக்கான ஒட்டும் ரப்பரில் அது 1.3 ஆனால், 91 கி.மீ. வரை அசையாது. அந்த வேகத்தில் பிடி விட்டால்? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், 73இல் சறுக்கும் காரைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான ஆற்றலோடு அது சாலையை விட்டு வெளியேறும். எல்லையைத் தாழ்வாக வைத்தால், பழகுபவர் அந்த எல்லையைக் குறைந்த வேகத்திலேயே தொட்டுப் பார்த்துத் திரும்பலாம். 200 குதிரைசக்தியை வைத்துக்கொண்டே பின்பக்கத்தை லேசாக நழுவவிட்டு, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து நேராக்கலாம். ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பேன்.

*

சாதா டயர் சொல்லிவிட்டுத்தான் கைவிடும். வளைவில் முதலில் ரப்பர் முனகும். பிறகு கிறீச்சிடும். ஸ்டீயரிங்கின் கனம் கைக்குள் மெல்லக் குறையும். அதன் பிறகுதான் கார் நழுவும். பிடிப்பு மிகுந்த டயர்கள் பெரும்பாலும் கடைசிவரை இறுக்கிப் பிடித்திருந்து, சட்டென்று விட்டுவிடும்.

*

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 100 கி.மீ. வேகத்திலிருந்து முழு பிரேக் அடித்து நிற்க, மேலே சொன்ன 0.85 உராய்வில் 46 மீட்டர் தேவை, 1.0 என்றால் 39 போதும். இடையிலுள்ள ஏழு மீட்டர் ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். நல்ல டயருக்கு மாறச் சொல்பவர்களின் வாதங்களில் நான் மறுப்பே இல்லாமல் ஏற்பது இது ஒன்றைத்தான்.

*

சரி, காசு விஷயம். இளகிய ரப்பர் நன்றாக ஒட்டும். பட்டனும் சீக்கிரம் தேயும். உருளும்போது அதிக ஆற்றலைத் தின்பதால் மைலேஜும் குறையும். புதிய கார்களுக்கான எரிபொருள், புகை, இரைச்சல் சோதனைகளில் டயருக்கும் பங்கு உண்டு என்பதால் கம்பெனிகள் யோசித்துத்தான் தேர்ந்தெடுக்கின்றன. முதல் சம்பளங்களைச் சேர்த்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் இளைஞருக்கு நான்கு டயர் மாற்றும் செலவு சின்ன விஷயமா?

*

1989இல் வந்த முதல் மஸ்தா எம்எக்ஸ்-5க்கு 14 அங்குல வீல், 185 மில்லிமீட்டர் அகல டயர். சாதாரணக் குடும்பக் காருக்குப் போடும் அளவுதான் அது. எடை ஒரு டன்னுக்குள் இருந்ததால் அதுவே போதுமானதாக இருந்தது. 2016இல் அந்த வரிசையின் உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டியது. இரண்டு பேர் மட்டும் அமரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது அதுதான்.

*

அகல டயர் மாட்டினால் ரிம்மும் பெரிதாகும், எடையும் கூடும். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவும் மேடுபள்ளங்களில் சக்கரம் தரையைவிட்டுத் துள்ளக் காரணமாகும். மழைநீர் தேங்கிய சாலையில் அகல டயர் நீர்மேல் மிதக்கும் வாய்ப்பும் அதிகம். ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் எல்லாமே கம்பெனி டயருக்கு ஏற்றபடி செப்பனிடப்பட்டவை என்பதை மாற்றும் முன் நினைவில் வையுங்கள்.

*

86இன் அடுத்த தலைமுறையான ஜிஆர்86இல் என்ஜின் 2.4 லிட்டர் ஆனது, சக்தியும் கூடியது. அமெரிக்காவில் அது அறிமுகமானபோது, விலை கூடிய வகையில் 18 அங்குல மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 வந்தது. அடிப்படை வகையிலோ 17 அங்குலத்தில் அதே பழைய பிரைமசி. என்னைக் கேட்டால், புதிதாகப் பழகுபவர்கள் 17ஐயே எடுக்கலாம்.