ஹசூயியின் பெயரில் அச்சானவை

ஜப்பானிய நிலக்காட்சிக் கலைஞர் கவாசே ஹசூயி 1883இல் டோக்கியோவில் பிறந்து 1957இல் மறைந்தார். 1918இல் தொடங்கிக் கடைசிவரை அவர் வரைந்த நூற்றுக்கணக்கான மூலப்படங்கள் வண்ண மரக்கட்டை அச்சுகளாக வெளிவந்தன. மழையில் நனையும் பாலம், பனி மூடிய கோயில் வாசல், அந்தி மங்கலில் ஆற்றங்கரை என்று அவருக்குப் பிடித்தவை திரும்பத் திரும்ப வரும். இப்படிப்பட்டவரின் வாழ்நாள் உழைப்பை ஆவணப்படுத்த, படங்களைத் தேதிவாரியாக அடுக்கித் தலைப்பும் அளவும் எழுதினால் போதும் என்று தோன்றலாம். எண்ணெய் ஓவியருக்கு அது ஓரளவு சரிவரும். மரக்கட்டை அச்சில் அது பாதி வேலைகூட இல்லை.

காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. மெல்லிய தாளில் உள்ள கோட்டுப்படத்தைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குகிறார் ஒருவர். வண்ணங்களுக்கு வேறு பலகைகள் உண்டு. தாள் இம்மியும் விலகாமல் ஒரே இடத்தில் உட்கார, பலகையிலேயே வெட்டிய சிறு அடையாளங்கள் உதவும். பிறகு அச்சிடுபவர் பலகையில் வண்ணத்தைத் தடவி, தாளை வைத்து, மூங்கில் மடல் சுற்றிய ‘பாரென்’ என்ற தட்டையான கருவியால் முதுகுப்பக்கம் தேய்க்கிறார். வானம் மேலே கருநீலமாகத் தொடங்கிக் கீழே வெளிறுவது பலகையில் செதுக்கப்பட்டதல்ல. ஒவ்வொரு தாளுக்கும் அச்சிடுபவர் வண்ணத்தைப் புதிதாக இழைத்துக் கொண்டுவருவது. ஆகவே ஒரே தலைப்பில் வந்த இரண்டு தாள்களில் பொழுதே மாறித் தெரியலாம். இவர்களையெல்லாம் ஒன்றுசேர்த்து, எதை வெளியிடலாம் என்று தீர்மானித்தவர் பதிப்பாளர் வதனாபே ஷோசாபுரோ.

இந்த வேறுபாடுகள் சேகரிப்பாளர்களின் நுணுக்கப் பைத்தியம்தானே, ரசிகனுக்கு எதற்கு என்று கேட்கலாம். ஏலக்கடை விலைப்போட்டி சலிப்பூட்டுவதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1923 செப்டம்பரில் காண்டோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் வதனாபேயின் பலகைகளும் ஹசூயியின் குறிப்பேடுகளும் எரிந்தன. அதற்கு முந்திய படங்களைப் பொறுத்தவரை, எஞ்சிய தாள்களைவிட்டால் நமக்குச் சான்று அநேகமாக இல்லை. பின்னாளில் வந்தவற்றில் பல மறுபடி மறுபடி அச்சாயின, அவர் இறந்த பிறகும்கூட. காலத்துக்குக் காலம் மாறிய பதிப்பக முத்திரைகள்தாம் ஒரு தாள் ஏறத்தாழ எப்போது அச்சானது என்று காட்டுகின்றன. அதைக் குறிக்காத பட்டியலை நம்பி ஹசூயியின் வண்ண உணர்வைப் பேசப்போனால், அவர் பார்த்தேயிராத ஒரு நீலத்தைப் பாராட்டிக்கொண்டிருப்போம்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. கற்பனை ஹசூயியுடையது, மற்றவர்கள் கூலிக்குக் கைவேலை செய்தவர்கள். பெயர் ஒன்று போதாதா? கற்பனை அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானிய அரசின் பண்பாட்டுப் பாதுகாப்புக் குழுவே 1950களின் தொடக்கத்தில் இந்தக் கலையை ஆவணப்படுத்த முன்வந்தபோது, முடிந்த படத்தோடு நிற்கவில்லை. ஹசூயியிடம் ஒரு படம் கேட்டு, அது உருவான படிகளையே பதிவுசெய்தது. 1953இல் நிறைவேறிய அந்தப் படம் பனி பொழியும் சோஜோஜி கோயில். அதே கோயிலை அதே பனியில் அவர் 1925இலும் படமாக்கியிருந்தார் என்பதால், தலைப்பை மட்டும் வைத்திருக்கும் பட்டியல் இங்கேயும் தடுமாறும். நல்ல ஒளிப்படம் எடுத்தால் போதாதா என்போருக்கும் இதிலேயே பதில் உண்டு: தாளில் அழுந்திய தடமும், முதுகுப்பக்கம் ஊறிய வண்ணமும், பாரென் சுழன்ற வட்டங்களும் நேர்முகமாக எடுத்த படத்தில் அரிதாகவே தெரியும்.

ஹசூயியின் கடைசிப் படம் பனியில் ஹிராய்சுமியின் பொன்மண்டபம். மூலப்படம் 1957இல் வரைந்தது. அச்சு முழுமையானதோ அவர் இறந்த பிறகு. ஒரு பெயருக்கும் ஒரு ஆண்டுக்கும் மட்டும் கட்டம் போட்ட பட்டியலில் இதை எந்த வரியில் சேர்ப்பது?